விந்துப்பை என்ற சொல்

அப்பா கீழே போவதை நிறுத்திவிட்டார். அவருக்கு உடம்பில் ஏதோ சரியில்லை என்று எனக்கு முதலில் தெரிந்தது அப்படித்தான்.

கொல்லிமலையில் இருக்கும் எங்களுக்குக் 'கீழே' என்பது ஓர் ஊர் இல்லை. சேந்தமங்கலம், நாமக்கல், சேலம் எல்லாமே கீழேதான். மிளகு விற்க, மண்வெட்டி வாங்க, மாட்டு மருந்து வாங்க என்று அப்பா அடிக்கடி போய்வருவார். போய்வந்தால் அங்கே கண்டதையெல்லாம் இரண்டு நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் அந்த வருஷம் மிளகு மூட்டையைச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினார். கேட்டால் முட்டி வலி என்றார். முட்டி வலிக்கிறவர் எப்படி மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறுகிறார் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

ஒரு கல்யாணத்துக்காக நானும் அவரும் பஸ்ஸில் இறங்க நேர்ந்தபோது காரணம் தெரிந்தது. பாதி மலை இறங்குவதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் வண்டியை நிறுத்த மாட்டார். பின்னால் லாரி வரும். அப்பா கண்டக்டரிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

"இப்பத்தானுங்க செம்மேட்டுல வண்டி நின்னுச்சு. அங்கயே போயிருக்கலாமில்லீங்க?" என்றார் கண்டக்டர், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

"போனனுங்க. மறுக்காவும் வருது."

"உங்களுக்குன்னு தனியா ஒரு வண்டி உடச் சொல்லணும் போங்க."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். கொஞ்சம் அகலமான ஓர் இடத்தில் வண்டி நின்றது. அப்பா இறங்கிப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறி வந்து உட்கார்ந்தபோது தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேட்டியில் ஈரம் இருந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், காலேஜும் முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. விலங்கியல் படித்தேன். மலையிலேயே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; எங்களுடையது வாழவந்தி நாடு. அங்கே எங்கள் பக்கத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ போவதாக இருந்தால், "டீச்சரக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்பார்கள். அப்பா என்னைப் பற்றி வெளியாட்களிடம் பேசும்போது, "என்ற பொண்ணு இங்கிலீசுலயே சண்ட போடுவா" என்பார். நான் இங்கிலீஷில் யாருடனும் சண்டை போட்டதில்லை. அவர் அப்படிச் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

ஆகவே அப்பாவைச் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான். அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. சித்தப்பாவுக்கு டாக்டர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

டாக்டர் சொன்ன புரோஸ்டேட்டைப் பற்றி அதற்கு முன் நான் அறிந்தது புத்தகப் படத்தில் ஓர் அம்புக்குறி மட்டும்தான். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது எங்கள் ஆசிரியர், "இதை நீங்களே படிச்சுக்கலாம்" என்று பக்கங்களைத் தள்ளிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். வகுப்பில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் சொன்னபடி நானே படித்தேன். பாகங்களின் பெயர்களை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவேன். வாய்விட்டுச் சொல்லத்தான் எங்கும் வாய்த்ததில்லை.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீர்ப் பைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி. சிறுநீர் வரும் குழாய் அதன் நடுவில் புகுந்து போகிறது. வயதானால் பெரும்பாலான ஆண்களுக்கு அது வீங்கும். வீங்கினால் குழாயை நெருக்கும். அதைத்தான் கீழே மருந்துக் கடைக்காரர்கள் சதையடைப்பு என்கிறார்கள். வீக்கம் எல்லாம் புற்றுநோய் இல்லை. ரத்தப் பரிசோதனையில் அந்தச் சுரப்பி சுரக்கும் ஒரு பொருளின் அளவு கூடியிருந்தாலும் அதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஊசியை ஆசனவாய் வழியாகச் செலுத்துவார்கள். அப்பாவுக்கும் அப்படியே செய்தார்கள்.

இதைப் பற்றி என்னிடம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்ததும் சித்தப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மாட்டுக்குச் சினை பாக்கற மாதிரி பாத்துப்போட்டாங்கடா."

"எத்தன மாசம்னாங்க?" என்றார் சித்தப்பா.

இருவரும் சிரித்தார்கள். நானும் உள்ளே சத்தம் வராமல் சிரித்தேன். அப்பா அப்போது இன்னும் சிரிக்கிறவராக இருந்தார்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, வெளியே பரவவில்லை. டாக்டர் இதை என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். அப்பா எங்கள் இருவரின் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். கதிர்வீச்சு வைத்தால் என்ன, ஆபரேஷன் செய்தால் என்ன, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன. சிலருக்கு மெதுவாக வளரும் வகை வரும், அவர்கள் காத்திருக்கலாம். இவருக்கு வந்திருப்பது அந்த வகை இல்லை என்றார். இவர் உடம்பு தாங்கும், சுரப்பியை முழுசாக எடுத்துவிடுவது நல்லது என்பது அவருடைய கருத்து. ஊசி போட்ட இடம் ஆற வேண்டும், சில வாரம் கழித்து வாருங்கள். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

பிறகு ஒரு நர்ஸ் எங்களை உட்காரவைத்து அப்பாவிடம் தமிழில் விளக்கினார். நல்ல பெண்மணி. வேகமாகப் பேசினார்.

"சுரப்பிய எடுக்கும்போது கூடவே விந்துப்பையும் எடுத்துருவாங்க ஐயா. அப்புறம் கொழந்த பொறக்காது. உங்களுக்கு இனிமே அது எதுக்கு, டீச்சர் பொண்ணே இருக்கு!"

அப்பா தலையாட்டினார். புரிந்ததா என்று கேட்டதற்கும் தலையாட்டினார். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கவில்லை. மலை ஏறும்போது ஒரு தடவைகூட எழுந்து நிற்கவில்லை. எப்படி அடக்கினாரோ தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "நான் அங்க போகமாட்டன். எனக்கு ஒண்ணுமில்ல."

நான் நோயை விளக்கினேன். இப்போது எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம், விட்டால் எலும்புக்குப் போகும் என்றேன். "ம்" என்றார். டாக்டர் படம் போட்ட காகிதத்தைக் காட்டினேன். அதைப் பார்க்காமலே எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அம்மா அழுது பார்த்தாள். "ஏனுங்க, எங்களுக்காவ வாங்க" என்றாள். "உனக்காவத்தான் வேண்டாங்கறன்" என்றார் அப்பா. அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை.

சாமை அடித்து முடித்திருந்த சமயம் அது. விதைக்கென்று தனியாக எடுத்த தானியத்தைச் சித்தப்பா டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் விதைப்பு நாளில் முதல் கைப்பிடியை அப்பாதான் போடுவார். குடும்பத்து ஆண்பிள்ளை போட்டால்தான் மண் பிடிக்கும் என்று ஒரு பேச்சு. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அப்பா டிரம்மைப் பார்த்தபடி சொன்னார்:

"வர்ற வெதப்புக்கு மொதக் கைய நீயே போட்டுரு."

"ஏண்ணா, உனக்கு என்ன கேடு?"

"போடுன்னா போடு. நான் போட்டா மொளைக்காது."

சித்தப்பா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பா இறந்துபோவதைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, நான் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா கொட்டகையில் எருதுக்கு ராகித் தட்டு போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கன்றாக இருக்கும்போதே காயடித்தாகிவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் கிடுக்கியோடு வந்து நசுக்கிவிட்டுப் போன அன்று அது படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. அப்பா அதன் கழுத்தைச் சொறிந்தபடி பேசிக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது.

"உனக்குக் கிடுக்கி, எனக்குக் கத்தி. நம்ம ரெண்டு பேரையும் ஒரே ஏருல பூட்டலாண்டா சாமி."

நான் பையோடு அங்கேயே நின்றேன். நர்ஸ் சொன்ன வார்த்தை அப்பாவுக்குக் கேட்ட மாதிரி எனக்கும் அப்போதுதான் கேட்டது. விந்துப்பை உடம்புக்குள் அந்தச் சுரப்பியை ஒட்டி இருப்பது; அப்பா தன் வாழ்நாளில் கேட்டிராத சொல். புத்தகம் படித்தவர்களுக்கு மட்டும் இருக்கிற உறுப்பு அது. அவருக்குத் தெரிந்தது விதைப்பை. காளையை எருதாக்குவது அதை வைத்துத்தான். கூடவே 'அப்புறம் கொழந்த பொறக்காது' என்று வேறு சொல்லிவிட்டார்கள். அப்பா எதையும் தப்பாகக் கூட்டவில்லை. காதில் விழுந்ததை வைத்துச் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்.

யாராவது ஓர் ஆண் இதை அவருக்குச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். சித்தப்பாவை வேலியோரம் நிறுத்திச் சொன்னேன். வயிற்றைக் காட்டி, கையால் உயரம் காட்டி, எது மேலே இருக்கிறது எது கீழே இருக்கிறது என்று விளக்கினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே நிறுத்திவிட்டேன்.

"அட, போ சாமி. அண்ணங்கிட்ட அதையெல்லாம் எந்த வாயால பேசறது? எனக்கே இப்ப உன்ற மொகத்தப் பாக்கக் கூச்சமா இருக்குது."

"நீங்க சொல்லலைன்னா அவரு செத்துப்போவாருங்க சித்தப்பா."

"நீதான படிச்சவ. நீயே சொல்லு கண்ணு."

அம்மாவிடம் போனேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். நான் முடிக்கும் வரை திரும்பவில்லை.

"நான் போய் அதச் சொன்னா என்ன நெனப்பாரு? இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இந்தக் கவலன்னு நெனக்கமாட்டாரா?"

"அம்மா, உயிர் போற விசயம்மா."

"உனக்குச் சொன்னா புரியாது. உனக்கு இன்னும் கலியாணம் ஆகல."

அவள் சொன்னது சரிதான். கல்யாணமாகாத பெண் பேசக் கூடாத பேச்சு. கல்யாணமானவள் பேச முடியாத பேச்சு. ஆண்பிள்ளை பேசினால் கூச்சம். அப்படியானால் இந்தப் பேச்சைப் பேசுவதற்கென்று எங்கள் ஊரில் யாருமே பிறக்கவில்லை. எல்லோரும் கடைசியில் என் படிப்பைக் கை காட்டினார்கள். அதற்கு முன் எத்தனையோ தடவை அப்படிக் கை காட்டியபோது எனக்குப் பெருமையாக இருந்திருக்கிறது.

மிளகு பறிக்கும் காலம் வந்தது. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் அப்பா ஏணியில் நின்று பறிப்பார். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பிடித்தேன். அங்கே நின்றால் அவருடைய பாதங்களும் கெண்டைக்காலும் மட்டும்தான் தெரியும். முகம் இலைகளுக்குள் இருக்கும். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது.

"அப்பா, ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லு கண்ணு."

"அந்த நர்சம்மா சொன்னது விந்துப்பைங்க. விதைப்பை இல்லீங்க."

மேலே கை நின்றுவிட்டது. பறித்த கொத்து ஒன்று இலைகளில் தட்டித் தட்டிக் கீழே விழுந்தது.

"உங்க விதையில கத்தியே படாதுங்கப்பா. அது வெளிய இருக்குது. இது உள்ள, வயித்துக்குள்ள இருக்குது. மாட்டுக்குப் பண்றது வேற, இது வேற. உங்க கொரல் மாறாது, மீச கொட்டாது. நீங்க எருது ஆகமாட்டீங்க."

"ஏணியப் புடி, ஆடுது" என்றார் அப்பா.

ஏணி ஆடவில்லை.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். அவர் பயந்தது நடக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது; மறுநாளே பஸ் ஏறியிருப்பார். ஆனால் டாக்டர் என்னிடம் சொன்னதில் இன்னும் பாக்கி இருந்தது. அப்பா பயந்ததில் ஒரு பங்கு உண்மையாகலாம். அந்தச் சுரப்பியின் இரண்டு பக்கமும் மெல்லிய நரம்புகள் வலைபோல் ஒட்டிக்கொண்டு போகின்றன. ஆணின் உறுப்பு எழுவது அந்த நரம்புகளால்தான். முடிந்தவரை அவற்றைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். நோய் நரம்பை ஒட்டி இருந்தால் முடியாது. காப்பாற்றினாலும் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், ஒன்றிரண்டு வருஷமும் ஆகலாம், வராமலும் போகலாம். மருந்து இருக்கிறது, வேறு வழிகளும் இருக்கின்றன. ஆசை போகாது. ஆனால் விந்து வராது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு சம்மதிக்கிற உரிமை அவருடையது. தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு தானே கண்டுபிடித்தால், தன் பெண் தன்னை ஏமாற்றிக் கூட்டிப் போனாள் என்றுதான் அவர் நினைப்பார்.

சொல்ல வார்த்தை தேடினேன். புத்தகத்தில் இருக்கிற சொல் அவருக்குத் தெரியாது. எங்கள் பேச்சில் அதற்கு இருக்கிற சொற்கள் எல்லாம் வசவுகள். நடுவில் ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஏணியைப் பிடித்தபடி நின்றேன். இல்லை.

"இன்னொண்ணு இருக்குதுங்கப்பா. ஆபரேசன் ஆனதும் கொஞ்ச காலம் மூத்திரம் உங்களக் கேக்காம வருங்க. இருமுனா, தும்முனா, குனிஞ்சா வரும். அது பெரும்பாலும் சரியாயிருங்க. இன்னொண்ணு... அம்மாகூட இருக்கறது. அது முன்ன மாதிரி இல்லாம போகலாங்க. நரம்பு இருக்குது, அத உட்டு எடுக்கப் பாப்பாங்க. உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. நான் மறைக்கக் கூடாதில்லீங்களா..."

"போதும் சாமி."

குரல் சத்தமாக இல்லை. கோபமாகவும் இல்லை. பிறகு அவர் மறுபடி பறிக்க ஆரம்பித்தார். மடியில் கட்டிய துணி நிறையும் வரை பறித்தார். இறங்கும்போது நான் நின்ற பக்கம் திரும்பாமல், மரத்தைப் பார்த்தபடியே இறங்கி, மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் கீழே சிந்திய மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்று, உள்ளே பார்த்து, அம்மாவிடம் கேட்டார்:

"எப்பப் போகணுமாம்?"

நான் அவருக்கு ஓர் எட்டு தூரத்தில் இருந்தேன். அம்மா வெளியே வந்து என்னிடம், "எப்பப் போகணும்னு கேக்கறாரு" என்றாள். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவரிடம் சொன்னாள். அன்று எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வேலைக்கு ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்துக்கொண்டு போனதாக ஞாபகம். அப்பா வருகிறார் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆண்கள் வார்டு என்பதால் கூட இருக்கச் சித்தப்பாவைத்தான் விட்டார்கள். டாக்டர் வரும்போது மட்டும் என்னை உள்ளே கூப்பிடுவார்கள். வயிற்றில் சின்னச் சின்னக் கீறல்கள், பக்கத்தில் ஒரு வடிகுழாய், கீழே சிறுநீர்க் குழாய், அதன் முனையில் பை. மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். முக்கக் கூடாது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். குழாய் இருக்கும்போது கொஞ்சம் ரத்தம் கலந்து வந்தால் பயப்பட வேண்டாம். கட்டி கட்டியாக வந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே வர வேண்டும். எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொண்டு சித்தப்பாவுக்குச் சொன்னேன்.

ஒருநாள் வார்டுக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே சித்தப்பா குரல் கேட்டது.

"அண்ணன் இப்ப டேங்க்கு வெச்ச வண்டி! மல ஏறி ஊரு சேர்ற வரைக்கும் எங்கயும் நிறுத்தவே வேண்டாம்."

"டேய், சிரிக்க வெக்காதடா. தையல் பிரியுது."

பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இட்லிப் பொட்டலத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்பா சிரிப்பை நிறுத்தி, போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தார். பொட்டலத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன்.

குழாயை எடுத்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியே ஆனது. அப்பா ஒரு நாளைக்கு எத்தனை வேட்டி மாற்றினார் என்று அம்மாவுக்குத்தான் தெரியும். பெரியவர்களுக்கான பேடு இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம். செம்மேட்டில் மருந்துக் கடையில் நான் வாங்கினேன். கடைக்காரர், நான் மாதாமாதம் வாங்குவதைச் சுற்றித் தருகிற அதே கறுப்புக் கவரில் அதையும் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டில் ஓரத்தில் வைத்தேன். மறுநாள் கவர் அங்கே இல்லை. பேடைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார் என்பது கொடியில் காய்ந்த வேட்டிகள் குறைந்ததிலிருந்து தெரிந்தது.

பயிற்சி ஒன்றும் உண்டு. சிறுநீரைப் பாதியில் நிறுத்த எந்தத் தசையை இறுக்குவோமோ, அதை இறுக்கி, கொஞ்சம் வைத்திருந்து, விட வேண்டும். தினமும் பல தடவை. வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. இது ஆபரேஷனுக்கு முன்பே பழகியிருக்க வேண்டியது. இதையும் அம்மா வழியாகத்தான் அனுப்பினேன்.

"இறுக்கிப் புடிச்சு உடணுமாங்க" என்று அம்மா கொட்டகையைப் பார்த்துக் கத்தினாள்.

"எத?"

"அதுதானுங்க!"

"எதுடீ? ஊருக்கே கேக்குது, மெதுவாச் சொல்லு."

"மூச்ச அடக்கப்படாதாங்க. டீச்சர் சொல்றா."

டீச்சர். அம்மா அதற்கு முன் என்னை அப்படிச் சொன்னதில்லை. வீட்டில் நான் கண்ணு, சாமி. ஆபரேஷனுக்குப் பிறகு இருவருக்கும் இடையில் நான் டீச்சர் ஆகிவிட்டேன். 'டீச்சர் சொல்றா', 'டீச்சரக் கேளு.' மரியாதையில் குறையில்லை. சாப்பாட்டுத் தட்டை நான் வைத்தால் சாப்பிடுவார். மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால் கையை நீட்டுவார். கண் மட்டும் என் முகத்துக்கு வராது. ஏணிக்குக் கீழே நின்று நான் பேசியதை அவர் மறக்க முயல்கிறார் என்றால் அதற்கு வழி ஒன்றுதான், என்னைப் பார்க்காமல் இருப்பது. அதில் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஆனால் பள்ளியிலிருந்து வருகிற வழியில், இன்றைக்கு நடந்ததை அப்பாவிடம் சொல்லலாம் என்று ஏதாவது மனதில் எழும். வீடு வருவதற்குள் அதை விட்டுவிடுவேன்.

மாதங்கள் போயின. ரத்தப் பரிசோதனையில் அந்த அளவு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அப்படியே இருக்க வேண்டும், அதற்காக வருஷக்கணக்கில் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். இருமும்போது மட்டும் கொஞ்சம் ஒழுகுகிறது என்று அம்மா சொன்னாள். அப்பா மறுபடியும் கீழே போய் வருகிறார். கீழே கண்டதைச் சித்தப்பாவிடம் சொல்லுகிறார்.

போன வாரம் குண்டூர் நாட்டிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். அப்பா வயதுதான். அவருக்கும் இதே நோய், இதே ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்களாம். யாரோ எங்கள் வீட்டைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்து, கட்டிலில் உட்காரவைத்தார். அவர் மெல்ல விசாரிக்கத் தொடங்கியதும் அப்பா எழுந்துகொண்டார்.

"எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாதுங்க. என்ற பொண்ணு சொல்லுவா. ஒண்ணும் மறைக்கமாட்டா, எல்லாத்தையும் கேட்டுக்குங்க. பயந்துக்காதீங்க."

சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு வாழைத் தோப்புப் பக்கம் போய்விட்டார். ஒண்ணும் மறைக்கமாட்டா என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். என்னிடம் சொல்லவில்லை, என்னைப் பற்றிச் சொன்னார்.

நான் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். இப்போது எனக்கு வார்த்தைகள் வந்துவிட்டன. விந்துப்பை என்று சொல்லி, விதைப்பை இல்லை என்று உடனே சொன்னேன். குழாய், ஒழுக்கு, பயிற்சி, நரம்பு எல்லாம் சொன்னேன். உங்கள் சம்சாரத்தையும் அடுத்த தடவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், இருவரும் சேர்ந்து கேளுங்கள் என்றேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் புரியாததை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றேன். அவர் முதலில் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவிழ்ந்த கயிறு மாதிரி உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கிளம்பும்போது பைக்கில் சாவியைப் போட்டபடி கேட்டார்:

"எல்லாஞ் செரிங்க கண்ணு. உங்கப்பனுக்கு இப்ப எப்படிங்க? மனசு கினசு நல்லா இருக்கறாருங்களா?"

வாழைத் தோப்புக்குள் காய்ந்த சருகை அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரியலீங்க" என்றேன். "அம்மா உள்ள இருக்கறாங்க. அவங்களத்தான் கேக்கணும்."